கொடுத்து வைத்தவள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கை கழன்றுவிட்டது. மாட்டிக்கொண்டு வரக் கண்ணாடிக்கடைக்குப் போனேன். அங்கே லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் அக்கா, கண்ணுக்குத் தெரியாத திருகாணியைத் திருகிக்கொண்டே தன் வீட்டு விஷயம் ஒன்றைச் சொன்னாள். நான் எழுதுகிறவன் என்று தெரிந்துதான் சொன்னாள்.

(என் கதைகளைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ரெண்டு படிச்சேன் சார்," என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அது இன்னும் குத்துகிறது.)

முதல் தொடக்கம்: "அக்காவுக்குப் புத்தகம் என்றால் உயிர்." அடித்துவிட்டேன். படித்தால் அவளே சிரிப்பாள்.

இரண்டாவது: "எழுத்து என்னும் பெருங்கடலில் அவள் ஒரு—" சே.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: அக்கா பொறாமைக்காரி. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையில் இருப்பது என்ன புத்தகம் என்று தெரியும்வரை இறங்கமாட்டாள். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்திருக்கிறாள். கண்ணாடி வாங்க வருபவர்களிடம் "என்ன படிப்பீங்க?" என்று கேட்பாள். பவர் பார்ப்பதற்கு என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அது பலிக்கவில்லை. கூடப் பிறந்த தங்கை. முப்பது வருஷமாக அக்கா கொடுத்த எந்தப் புத்தகத்திலும் அவள் பத்துப் பக்கம் தாண்டியதில்லை.

2

தங்கை மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். கால் எலும்பு முறிந்தது, ஆறு வாரம் படுக்கை. கட்டுப் பிரித்த பிறகு காலை மடக்கி நீட்டப் பழக்குவதற்கு ஒரு பிசியோக்காரர் வீட்டுக்கு வந்துபோனார். ஒருநாள் பையிலிருந்து அட்டை போன ஒரு நாவலை எடுத்து, "சும்மா புரட்டுங்க," என்று வைத்துவிட்டுப் போனார்.

இரண்டே நாள். அக்காவுக்குப் போன் வந்தது.

"அக்கா, சோறு தண்ணி இல்லாம படிச்சேன்க்கா! புருஷன்கிட்ட கோச்சுக்கிட்டுப் போன ஒருத்தி, பதினாலு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வர்ற கதை. உனக்குத் தெரியுமா அது?"

தெரியுமாவா! இருபது வருஷத்துக்கு முன்னால் அதே நாவலை அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். "ரொம்ப இழுக்குதுக்கா, தூக்கம் தூக்கமா வருது," என்று நான்காம் நாளே திரும்பி வந்தது. அது இவளுக்கு ஞாபகம்கூட இல்லை. அக்கா சொன்னால் தூக்கம் வரும், யாரோ ஒரு காலைப் பிடிக்கிறவன் சொன்னால் முழிப்பு வருமா?

அக்காவுக்கு வயிறு எரிந்தது. இந்த இடத்தில் அழகாக ஏதாவது எழுதப் பார்த்தேன், வேண்டாம். வயிறுதான் எரிந்தது.*

"கொடுத்து வெச்சவடி நீ," என்றாள். அது மட்டும் மனசாரச் சொன்னது. அந்த நாவலை முதல் தடவை படிக்கும் சுகம் அக்காவுக்கு இனி எந்த ஜென்மத்திலும் கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் எரிந்தது.

"ஆனா கடைசி எட்டுப் பக்கத்தக் காணோம்க்கா. அவ கதவத் தட்டக் கையத் தூக்குறா, அதோட நின்னுபோச்சு. உன்கிட்ட இந்த புக்கு இருக்கா?"

இருக்கிறது. அலமாரியின் இரண்டாம் தட்டில், இடமிருந்து நான்காவது. எட்டுப் பக்கமும் பத்திரமாக.

"இல்லையேடி," என்றாள் அக்கா.

\* என்னிடம் யாராவது வேறொருவர் கதையைப் புகழ்ந்தால் எனக்கும் அங்கேதான் எரியும்.

3

"முடிவையாவது சொல்லேன், நீ படிச்சிருப்பல்ல?"

கதையைக் கெடுத்துவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள். வாயில் வந்ததைச் சப்பென்று சொன்னாள்.

"அவ தட்டலடி. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போயிடுறா. அந்தாளு மட்டும் சாகுற வரைக்கும் தாப்பா போடாமலே தூங்குறான். அவ்ளோதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். தங்கை தேம்பித் தேம்பி அழுதாள்.

மறுநாள் மறுபடி போன். "பிசியோக்காரர்கிட்ட சொன்னேன்க்கா. பன்னெண்டு வருஷமா அவருக்கும் முடிவு தெரியாதாம். என் காலப் பிடிச்சபடியே அப்படியே உக்காந்துட்டாரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, அடுத்து என்ன படிக்கட்டும்?" என்றாள்.

முப்பது வருஷமாக அக்கா காத்திருந்த கேள்வி அது. வந்தேவிட்டது, ஒரு பொய்யின் மேல் ஏறிக்கொண்டு.

"இந்த ஞாயித்துக்கிழமை நடந்து பழகுற மாதிரி உன் வீட்டுக்கே வர்றேன். அலமாரியப் பாத்து நானே எடுத்துக்கிறேன்," என்றாள் தங்கை.

4

கண் பரிசோதிக்கும்போது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று அப்படிக் கேட்கிறேன்.

தங்கை அலமாரியைத் திறக்கிறாள், நான்காவது புத்தகத்தைப் பார்க்கிறாள், அதோடு அக்காவிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். இது தெளிவா?

அக்காவே உண்மையைச் சொல்லிப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறாள். தங்கை சிரித்துவிட்டு— (சிரிப்பாளா? எனக்கு நம்பிக்கை இல்லை.)

அக்கா தன் பிரதியிலிருந்தும் அந்த எட்டுப் பக்கங்களைக் கிழித்து—

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. புத்தகத்தைக் கிழிக்கிற ஆளா அவள்? அன்று கடையில் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தபோது, கூடவே செய்தித்தாளில் சுற்றிய ஒன்றையும் நீட்டினாள்.

"சார், இத உங்ககிட்ட கொடுத்து வைக்கட்டுமா? ஞாயித்துக்கிழமை போகட்டும், வாங்கிக்கிறேன். தூக்கிப் போட மனசு வரல."

"ஏன், உண்மைய சொல்லிடலாமே?"

"சொல்லலாம் சார். இவ்ளோ பெரிய புக்க எழுதினவர் முடிவ விட்டுட்டு எங்கக்கா உளறினதுக்கா அழுதேன்னு அவளுக்கு ஆயிடும். அப்புறம் என்னை எங்க கேக்கப் போறா?"

வாங்கிக்கொண்டேன்.

5

இன்று சனிக்கிழமை மத்தியானம். புத்தகம் என் மேசைமேல் இருக்கிறது. கடைசி எட்டுப் பக்கத்தை மட்டும் முதலில் படித்தேன். கதவு திறக்கிறது. அவன் அழுகிறான், அவள் அழுகிறாள், பக்கத்து வீட்டார்கூட வந்து அழுகிறார்கள். எட்டுப் பக்கமும் சமாதானம். எனக்குக் கொட்டாவி வந்தது.

கண்ணாடிக்கடை அக்கா சொன்னதுதான் முடிவு. கெடுக்க நினைத்து, போனில், மூன்று வரியில் சொல்லிவிட்டாள். இருபது வருஷமாக எழுதுகிறேன், எனக்கு அப்படி ஒன்றாவது வந்திருக்கிறதா?

கடை ஆறு மணிவரை திறந்திருக்கும். நடந்தால் பத்து நிமிஷம். "உங்க முடிவுதான் நல்லாருக்கு, தைரியமா தங்கச்சிகிட்ட சொல்லுங்க," என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செருப்பை மாட்டினேன், கழற்றினேன். மறுபடி மாட்டினேன். எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்தால், நீங்களாவது போய்ச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.