அடுப்புக் கற்களுக்கு முன்னால்

லுவுஹு ஆற்றங்கரையிலிருந்து அன்று காலை ஐந்து விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு நியெலெட்டி வண்டியைக் கிளப்பினாள். தன் இனமான மகுலேகே என்ற ஆப்பிரிக்க மக்களின் காட்டில் அவள் வழிகாட்டியாகிப் பத்து வருடம். தடம் பார்க்கும் ஹசானி வண்டியின் மூக்கில் பொருத்திய இருக்கையில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, யானை வந்தா முதல்ல என்னைத்தான் விசாரிக்கும். பாத்து ஓட்டு!”

“உன் வாய்க்குப் பயந்து அதுவே ஓடிடும். சும்மா வா.”

எல்லோரும் சிரித்தார்கள். வெஸல் என்ற வெள்ளைக்காரப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுபத்தைந்து வயதிருக்கும். மற்றவர்கள் பறவைகளைப் படம் பிடித்தபோது அவர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பருத்த பாவோபாப் மரம் ஒன்று தெரிந்ததும் கேட்டார்.

“இங்க ஒரு ஊர் இருந்துச்சு இல்லையா?”

நியெலெட்டி சட்டென்று வண்டியை நிறுத்தினாள். எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர் அது. “உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?”

அவர் எழுந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். அதே நேரம் புதரை விலக்கிக்கொண்டு ஒரு கொம்பன் யானை காதை விரித்தபடி வந்து நின்றது. ஹசானி கால்களை மேலே இழுத்துக்கொண்டான்.

“உக்காருங்க.” அவள் குரல் உயரவில்லை. வெஸல் உட்கார்ந்தார். அவள் யானையிடம் தன் மொழியில் மெல்லப் பேசினாள். “போப்பா. நீயும் இந்த ஊர், நானும் இந்த ஊர். உன் வழிய நாங்க மறிக்கல.”

யானை மண்ணை வாரி இறைத்தது. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போனது.

வெஸல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “அறுபத்தொன்பதுல எங்க வெள்ளைக்கார அரசாங்கம் உங்க ஜனங்களை இங்கிருந்து வெளியேத்தி ஏத்திட்டுப் போன லாரிகள்ல ஒண்ணு நான் ஓட்டினது. அவங்க வீட்டுக்கு அவங்களையே தீ வைக்கச் சொன்னாங்க. நான் லாரிய விட்டு இறங்கவே இல்ல.”

அவள் வண்டியை அணைத்தாள். தீ வைத்த கைகளில் ஒன்று அவள் அப்பாவுடையது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அவள் சுற்றிலும் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இப்ப இறங்குங்க.”

மரத்துக்குப் பின்னால் கரியேறிய மூன்று கற்கள் கிடந்தன.

“இது என் அப்பா வீட்டு அடுப்பு. இப்ப சொன்னத இங்க நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

சொன்னார். பாதியில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். முழுக்கச் சொல்லி முடித்தார்.

விருந்தினர்களில் ஒரு பெண் கேட்டாள்: “இந்த நிலம் உங்களுக்கே திரும்பக் கிடைச்சதா படிச்சேன். அப்புறம் நீங்க ஏன் இங்க வந்து குடியேறல?”

“தொண்ணூத்தெட்டுல நிலத்தோட பத்திரம் எங்க கைக்கு வந்துச்சு. காடாவே இருக்கட்டும், மிருகங்க இருக்கட்டும், நாங்களே பாத்துக்கறோம்னு முடிவாச்சு. நீங்க இப்ப நிக்கிறது எங்க மண்ணு,” என்றாள் நியெலெட்டி. தலை தானாக நிமிர்ந்தது.

“என்னை மன்னிப்பீங்களா?” என்றார் வெஸல்.

“அது என் ஒருத்தி கையில இல்ல. காட்டு வேலிக்கு வெளிய எங்க ஜனங்க இப்ப குடியிருக்கிற ஊர் இருக்கு. வந்து அவங்ககிட்ட கேளுங்க.”

அன்று மாலை அவர் அந்த ஊருக்குப் போய் அதையே மறுபடியும் சொன்னார். நியெலெட்டியின் அப்பா எல்லாவற்றையும் கேட்டார்.  பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“லாரிக்குக் குறுக்க ஒரு செவலைப் பசு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?”

“ஒரு கொம்பு உடைஞ்சது,” என்றார் வெஸல்.

“என் அம்மாவோட பசு அது.” அப்பா ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். “உக்காரு. நீ பாத்தது எரிஞ்ச ஊரு. நாளைக்கு நான் உன்னோட வந்து, இப்ப இருக்கிற எங்க காட்டை உனக்குக் காட்டறேன்.”