மூணு வாங்கு

7 ஆகஸ்ட் 2003, வியாழன்

திருத்தம்: செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், வீடியோ கேமில் கொண்டைக்காரி எகிறி உதைப்பதற்கு முக்கோணப் பொத்தான் என்று எழுதியிருந்தேன். தவறு. வட்டம்தான். இன்று இரண்டு முறை ஆடிப் பார்த்து மாற்றினேன்.

மாலை வகுப்பில் பட வரைவு படிக்கிறேன். அங்கே ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் திருத்தத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. எதை மாற்றினோம் என்று அதில் தேதி போட்டு எழுதாமல் புதுக்கோடு இழுக்கக்கூடாது. அந்தப் பழக்கம் நாட்குறிப்புக்கும் வந்துவிட்டது. பகல் வேலையும் அப்படித்தான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வரும் பெட்டிகளின் எண்களை எழுதுகிறேன். ஒரு எண் தப்பினால் பெட்டி வேறு கப்பலுக்குப் போய்விடும். அதனால் எழுதியதை மறுபடி படிக்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது.

என் தங்கை யசோதராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு வயது பதினேழு. முதலில் அடிப்பாள், பிறகுதான் யோசிப்பாள். தண்டையார்பேட்டையில் என் வகுப்புக்குப் பின் சந்தில் கலீலுல்லா பாயின் கேம்ஸ் கடை இருக்கிறது. இரண்டு டிவி, நான்கு கன்ட்ரோலர். அங்கே சண்டை ஆட்டத்தில் அவளை ஜெயிக்க ஆள் இல்லை. அந்த ஆட்டத்தின் உண்மையான பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. டிஸ்க்கின் மேல் மார்க்கரில் ‘சண்டை 3’ என்று எழுதியிருக்கும். அட்டையும் இல்லை, விளக்கப் புத்தகமும் இல்லை. ஆட்டத்தில் வருகிறவர்களுக்குக் கடைப் பிள்ளைகள் வைத்ததுதான் பெயர்: தாடி, ஐஸ்காரன், கொண்டைக்காரி. யசோவின் ஆள் கொண்டைக்காரி.

எனக்கு ஆட்டம் வராது. எந்தப் பொத்தான் என்று நான் முடிவு செய்வதற்குள் என் ஆள் விழுந்துவிடுவான். ஆகவே நான் எழுதுகிறேன். ஒரு வருடமாக எழுதிய நோட்டு இப்போது தொண்ணூறு பக்கம். முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பாய் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தலைப்பு, ‘புதிதாக ஆட வருகிறவர்களுக்கு.’ ஒரே ஆளை எடுத்து ஒரு மாதம் ஆடு. அடித்துக்கொண்டே இருக்காதே, தடுத்து நின்று எதிரி அடித்து முடித்தபின் அடி. தோற்றால் கன்ட்ரோலர் மேல் பழி போடாதே, எந்த அடியில் விழுந்தாய் என்று சொல். இப்படிப் போகும்.

இவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக, சிவப்பு மையில் எழுதியது இது: ‘எதிரி தூக்கினால் உடனே கையை எடு.’

தூக்கு என்றால் நெருங்கி வந்து ஆளைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போடுவது. தடுத்துக்கொண்டு நின்றாலும் அடி விழும். அதனால் அது கலீஜ், அசிங்கமான ஆட்டம். யாராவது தூக்கினால் மற்றவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு “கலீஜ்!” என்று கத்துவார். தூக்கியவர் அசையாமல் நின்று மூன்று அடி வாங்க வேண்டும். ‘மூணு வாங்கு’ என்று அதற்குப் பெயர். நான் வந்த நாளிலிருந்து ஒருவர்கூட இதை மீறியதில்லை.

சனிக்கிழமை எழும்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. ஜெயிக்கும் ஒருவரை பம்பாயில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு ரயிலில் அனுப்புகிறார்கள். எங்கள் எம்.கே.பி. நகர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தண்டவாளம். பம்பாய் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது.

“எத்தினி வருசம்ண்ணா வெளிய நின்னு அத்தப் பாத்துகினே இருக்கறது?” என்றாள் யசோ. “ஒரே ஒரு வாட்டி உள்ள குந்திகினு நம்ம வூட்டப் பாக்கணும்.”

“நம்ம வூடு அங்கேர்ந்து தெரியாதுடி” என்றார் அம்மா.

“நீ மாடில ஏறி செவப்புப் பொடவைய ஆட்டு. தெரியும்.”

9 ஆகஸ்ட் 2003, சனி

திருத்தம்: கட்டத்துக்குள் அடங்காது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபத்தில் மணமேடை இருக்கும் இடத்தில் எட்டு டிவிகள். முப்பத்திரண்டு பேர். பெண் யசோ ஒருத்திதான். அவளுக்கு எதிரில் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பையன், அண்ணா நகர்க்காரன். அவனும் கொண்டைக்காரியைத்தான் எடுத்தான். நான் யசோவின் நாற்காலிக்குப் பின்னால் நோட்டோடு நின்றேன்.

முதல் சுற்றில் பாதிவரை அவள்தான் முன்னால். திரை மேலே அவன் உயிர்க்கோடு கால்வாசியாகக் குறைந்துவிட்டது. இவள் இன்னும் நெருங்கினாள். அவன் பிடித்தான். தூக்கிப் போட்டான்.

யசோ கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். இரண்டு கையையும் உயர்த்தி, “கலீஜ்!” என்று கத்தினாள்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற நானும் கையை உயர்த்தியிருந்தேன். அது எனக்குத் தெரியவே இல்லை.

அவன் நிற்கவில்லை. எழுந்த எங்கள் கொண்டைக்காரியை மறுபடி உதைத்தான். யசோ டிவியைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு வாங்கு” என்றாள்.

“என்னங்க?” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மூணு வாங்குப்பா! நில்லு!”

உதை, உதை, குத்து. எங்கள் உயிர்க்கோடு காலியானது. அப்போதுதான் அவன் திரும்பினான். மடியில் கிடந்த கன்ட்ரோலரைப் பார்த்து, “ஐயோ, வேலை செய்யலையா? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே” என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எங்களை இன்னும் உறைய வைத்தது.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட நடுவர் வந்தார்.

“சார், இந்தாளு தூக்கினாரு சார்” என்றாள் யசோ.

“ஆமா, தூக்கினாரு.”

“தூக்கலாமா?”

“ஏன், தூக்கினா என்ன?”

பின் வரிசையில் சிரிப்பு. நடுவருக்கும் சிரிப்பு வந்தது. “தூக்கக்கூடாதுன்னு யாரும்மா சொன்னது?”

யசோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இதோ, எங்கண்ணன். நோட்டுல ரூலு எயுதி வச்சிகிறாரு.”

நோட்டு முதல் பக்கத்தில் திறந்திருந்தது. மூடினேன்.

இரண்டாவது சுற்றில் அவள் கன்ட்ரோலரை விடவில்லை. ஆனால் அவன் புரிந்துகொண்டுவிட்டான். ஏழு முறை தூக்கினான். எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு தூக்குக்கும் அவள் கட்டை விரல்கள் தாமாக மேலே எழும்பின. அவள் அவற்றை மறுபடி கீழே கொண்டுவருவதற்குள் கொண்டைக்காரி தரையில் கிடந்தாள். தோற்றோம்.

“இதோட வெளிய போயிட்டேன்னு இல்லை” என்றார் நடுவர். “நாளைக்குப் பத்து மணிக்குத் தோத்தவங்களுக்குத் தனி வரிசை. அதுல தொடர்ந்து ஜெயிச்சா இறுதி ஆட்டம்வரை வரலாம். இன்னொரு வாட்டி தோத்தாதான் முடிஞ்சது. தூக்குலேர்ந்து தப்பிக்கக் கத்துக்கிட்டு வாம்மா.”

“தப்பிக்கலாமா?” என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

வேறு டிவியிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

பஸ் மின்ட் நிறுத்தத்துக்கு வந்தது. யசோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “தோத்தது கூட மேட்டர் இல்லண்ணா. அந்தாளு நிப்பான்னு நான் காத்துகினு இருந்தேன் பாரு. உலகத்துக்கே தெரியும்னு நெனச்சிகினு.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாலு மணிக்குப் பாய் கடைக்குப் போனோம். பாயும் அவர் மகள் சைமாவும் இருந்தார்கள். சைமாவுக்குப் பதின்மூன்று வயது. யசோவுக்கு அடுத்தபடியாக அந்தக் கடையில் ஆடுகிறவள் அவள்தான். நடந்ததைச் சொன்னேன். பாய் வாயைத் திறந்தபடி கேட்டார்.

“யப்பா பீம்ராவு, அது கேம் ரூலா? நம்ம கடை ரூலுப்பா! ரெண்டு வருசம் முன்ன சுயம்புன்னு ஒரு பையன் இன்னொருத்தனைத் தூக்கித் தூக்கி அடிச்சான். அடி வாங்குனவன் பேஜாராகி கன்ட்ரோலரை டிவி மேல வீசிட்டான். அன்னிக்கு நான் வச்சது. உனக்கு யாரும் சொல்லலியா?”

“செவுத்துல ஒட்டுறப்போ நீங்க படிச்சீங்களே பாய்?”

“படிச்சேனா? கையெழுத்து அச்சு மாதிரி கீதே, நல்லாருக்குன்னு ஒட்டிக்க சொன்னேன்.”

சைமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ அதுல மத்ததெல்லாம் மட்டும் கரெக்டாண்ணா?” என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். பெட்டி எண்ணை இருமுறை படிக்கிறேன். எழுத்துப் பிழையை இருமுறை பார்க்கிறேன். எழுதும் செய்தி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. நோட்டை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பதினேழாம் பக்கத்தில் இது இருந்தது:

‘12 நவம்பர். சைமாவோடு ஆட்டம். அவள் கை தவறித் தூக்கினாள். அதே நேரம் என் விரல் சதுரப் பொத்தானையும் பெருக்கல் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டது. தூக்கு விழவில்லை. இரண்டு ஆளும் விலகி நின்றார்கள். கன்ட்ரோலர் பழுது. பாயிடம் சொல்ல வேண்டும்.’

சத்தமாகப் படித்தேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஆமா, சொன்ன. நான் அத்தக் கயட்டி, தொடச்சி, ஒண்ணுமில்லன்னு மாட்டி வச்சேன்.”

யசோ நோட்டைப் பிடுங்கித் தானே படித்தாள். “ஒம்போது மாசமா உன் கைலியே வச்சிகினு இருந்துக்கிற” என்றாள். திட்டவில்லை. அவளுக்குத் திட்டவும் வரவில்லை.

யசோவும் சைமாவும் டிவி முன் உட்கார்ந்தார்கள். சைமா ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, தூக்கட்டா?”

“தூக்கு.”

கடையில் இருந்த பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள். இரண்டு வருடத்தில் அனுமதி கேட்டு விழுந்த முதல் தூக்கு அது. யசோவின் கை வழக்கம்போல் மேலே போனது. மறுபடி தூக்கு. மறுபடி கை மேலே. ஒன்பதாவது தூக்கில் சதுரமும் பெருக்கலும் சேர்ந்து விழுந்தன. கொண்டைக்காரி, சைமா எடுத்திருந்த தாடியின் கையைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். யாரும் கத்தவில்லை. எல்லோரும் திரையை வெறித்துப் பார்த்தார்கள்.

முதல் இருபதின் கணக்கு: தப்பியது ஆறு, தாமதம் மூன்று, கை எழும்பியது பதினொன்று.

“கை கேக்க மாட்டுது” என்றாள் யசோ. பிறகு, “ஆனா வாயி கரெக்டா வருதுல்ல?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் காட்டினாள். தூக்கு வரும்போது ‘கலீஜ்’ என்ற சொல் விரலுக்கு முன்பே நாக்கில் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லோடு கையை எடுப்பதற்குப் பதிலாக, ‘க’வில் இரண்டு பொத்தானையும் அழுத்தினாள். அடுத்த இருபதில் பதின்மூன்று தப்பியது. ஒவ்வொன்றுக்கும் கடை அதிரக் கத்தினாள். கட்டை விரலில் தோல் உரிந்ததும் நிறுத்தினோம்.

இருபதுக்குப் பதின்மூன்று போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முறை, தெரியவில்லை என்றே எழுதி வைக்கிறேன்.

நாளை, ஞாயிறு: காலை ஆறரைக்குப் பாய் கடை. சைமா நூறு முறை தூக்க வேண்டும். யசோ ‘கலீஜ்’ என்பதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பழக வேண்டும். நான் சுவரில் உள்ள தாளைக் கிழித்துவிட்டு, முதல் வரியை மாற்றி எழுதி ஒட்ட வேண்டும்: ‘எதிரி தூக்கினால் சதுரமும் பெருக்கலும். கையை எடுக்காதே.’ கட்டை விரலுக்குப் பிளாஸ்திரி வாங்க வேண்டும். ஒன்பது மணிக்கு எழும்பூர் பஸ்.