ஆசிட் தொட்டியில் ஒரு கைப்பிடி

முலாம் பட்டறையின் பூட்டை அவள் திறந்தாள். பதினோரு நாளாகப் பூட்டிக் கிடந்த இடம். பத்து மணிக்குக் காரின் சொந்தக்காரர் வந்துவிடுவார்.

எண்பது வருடத்துப் பழைய கார். அதன் நான்கு கதவுக் கைப்பிடிகளுக்கும் முதன்முதலில் இருந்த அதே நிக்கல் மினுக்கம் வேண்டும் என்று கொடுத்திருந்தார். மூன்று முடிந்து அலமாரியில் துணி சுற்றி இருந்தன. நான்காவதைப் பழைய முலாம் உரிய ஆசிட் தொட்டியில் அவள் கணவர் இறக்கியதை அவளே பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். முக்கால் மணி நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. "அரை மணி நேரமா நெஞ்சு பிசையுது. பதறாம வா."

இருபது நிமிடத்துக்கு மேல் விட்டால் ஆசிட் அடியிலிருக்கும் பித்தளையைத் தின்ன ஆரம்பிக்கும். பதினோரு நாள் என்றால்?

"திருடு போச்சுன்னு சொல்லிருவோம் அண்ணி," என்றான் கூட வந்த கொழுந்தன்.

"மூணை விட்டுட்டு ஒண்ணை மட்டும் தூக்கிட்டுப் போற திருடனா, தம்பி?"

"போதும்கிற மனசுள்ள திருடன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். 'அவர்கிட்ட நம்பிக் கொடுக்கலாம்' என்று நாலு பேர் சொல்வார்கள். அவர் போன பிறகு மிஞ்சியது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதுவும் இன்று பத்து மணியோடு சரி.

கொழுந்தன் கையுறை மாட்டி, கொக்கியால் தொட்டியின் அடிவரை துழாவினான். ஒன்றும் தட்டுப்படவில்லை. "கரைஞ்சே போச்சு அண்ணி."

அவள் கண் சுவருக்குப் போனது. பொருளைக் கட்டித் தொங்கவிடும் செம்புக் கம்பி, கழுவிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. கைப்பிடி தொட்டியில் இருந்திருந்தால் கம்பியும் அதில்தான் இருந்திருக்கும். மூலையிலிருந்த மரத்தூள் பெட்டிக்கு ஓடினாள். கழுவிய பொருள் ஈரம் போக அதில்தான் புதைப்பார்கள். முழங்கை வரை கையை விட்டாள். குளிர்ச்சியாக ஒரு கனம். நான்காவது கைப்பிடி.

ஒரு கரும்புள்ளி இல்லை. இனி முலாம் ஏற்றினால் போதும்.

"அண்ணன்னா அண்ணன்தான்!" கொழுந்தன் துள்ளினான். "கடைசி நேரத்துலயும் வேலைய விடல பாருங்க!"

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். தொட்டியிலிருந்து தூக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் இரண்டு அலசல். ஆசிட் முறியச் சோடா உப்புத் தண்ணீர். சாவித் துளைக்குள் பிரஷ். அடுப்பைப் பற்றவைத்து, நீர் கொதிக்கும்வரை நின்று, வெந்நீரில் முக்கி, துடைத்து, புதைத்து. எவ்வளவு அவசரப்பட்டாலும் இருபத்தைந்து நிமிடம். 'அரை மணி நேரமா நெஞ்சு பிசையுது' என்றுதான் போனில் சொன்னார்.

வாசலில் ஹாரன் கேட்டது. "வந்துட்டாரு அண்ணி, குடுங்க," என்று கொழுந்தன் கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. கைப்பிடியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். சாவித் துளையிலிருந்து மரத்தூள், மெல்லிய இழையாக, நிற்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது.