படகுக் கயிறு

பழைய ஏசி கொம்பிரசர்களை இனி இரும்புக்கடைக்குக் கொடுப்பதில்லை என்று வல்வெட்டித்துறையில் ஏசி திருத்தும் கஜந்தினி முடிவெடுத்தாள். அங்கே அப்படியே வெட்டிப் பிளப்பார்கள். உள்ளிருக்கும் குளிரூட்டும் வாயு காற்றோடு போகும், எண்ணெய் நிலத்தில் ஊறிக் கிணற்றுக்கு இறங்கும், சட்டப்படியும் குற்றம். அவள் வாயுவைச் சிலிண்டருக்குள் இழுத்தெடுத்து, எண்ணெயை வடித்து, இவற்றைப் பாதுகாப்பாய்ப் பிரித்தெடுக்க அனுமதி பெற்ற கொழும்புக் கம்பனிக்கென்று அடுக்கிவைத்தாள். முழுச் சுமை இருந்தால்தான் லொறி வரும் என்றார்கள்.

"இருக்கு, வாங்கோ!" என்று தொலைபேசியில் புளுகிவிட்டாள்.

படகு நங்கூரத்துக்குக் கொம்பிரசர் ஒன்று கேட்டு வந்த மீனவர் ஏரம்புவிடம் சீறினாள்.

"உள்ளுக்கை மிச்ச எண்ணெய் கிடக்கு அண்ணை. கடலுக்கை கசிஞ்சால் உங்கடை மீனை ஆர் தின்னுறது?"

ஏரம்பு முகம் கறுத்துப் போய்விட்டார்.

லொறி வந்தது. பாதிதான் நிரம்பியது. சாரதி அவளை முறைத்தார். அப்போது கடற்கரைப் பக்கமிருந்து உழவு இயந்திரம் ஒன்று திணறிக்கொண்டு வந்தது. இழுவைப் பெட்டி நிறையப் பாசி பிடித்த கொம்பிரசர்கள். மேலே ஈர உடம்போடு ஏரம்பு.

"முந்தி நாங்கள் நங்கூரமாய்க் கடலுக்கை தாட்டது, பிள்ளை. நீ எண்ணெய் கசியுமெண்டு சொன்னாப்பிறகு எல்லாரும் சுழியோடி எடுத்தனாங்கள்."

ஏற்றி முடித்தபோது லொறிக் கதவு மூடவில்லை. ஏரம்பு தன் படகுக் கயிற்றால் அதை இறுக்கிக் கட்டினார்.

"கொழும்பு போய்ச் சேருமட்டும் அவிழாது," என்றார் சாரதியிடம். "அங்கை போய் அவிழ்க்கிறதுதான் உங்கடை பாடு."