மார்கிரட் அம்மாவுக்கு ஒரு நிமிட மௌனம்

ஹம் நகரத் தமிழ்ப் பண்பாட்டு உயர்வுக் கழகத்தின் தலைவர் வாசுதேவனின் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாமல் இல்லை. பட்டுத் துணியால் மூடப்பட்டு, முன்னால் ஒரு குத்துவிளக்கோடு அது வரவேற்பறையில் நிற்கிறது. வருகிறவர்கள் உள்ளே யாரையோ அடக்கம் செய்திருப்பதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தலைவரின் விருப்பமும் அதுதான்.

"திரை மூடுவோம், தமிழ் தேடுவோம்" என்பது அவர் தொடங்கிய இயக்கம். போன பொங்கல் விழாவில் கழகத்துக் குடும்பங்கள் அத்தனையும் எழுந்து நின்று, வலது கையை நீட்டி, இனித் தொடர் நாடகம் எதுவும் பார்ப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தன. இடது கைகளில் கைபேசிகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. கைபேசி திரையாகாது, அது தொடர்பாடல் சாதனம் என்று தலைவர் முன்கூட்டியே விளக்கம் கொடுத்திருந்தார்.

இந்தச் சேவைக்காக வரும் சனிக்கிழமை அவருக்குப் "பண்பாட்டுப் பேரொளி" என்ற பட்டம் கிடைக்கவிருந்தது. யோசனை செயலாளர் கொட்வினுடையது. கொட்வினுக்கு அது தானாகத் தோன்றும்வரை வாசுதேவன் அவரோடு மாதக்கணக்கில் தொலைபேசியில் கதைக்க வேண்டியிருந்தது என்பது வேறு. வாசுதேவன் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் "ஹெர் வாசு", அதாவது "மிஸ்டர் வாசு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முழுப் பெயரைச் சொல்ல அவர்களுக்குப் பொறுமையில்லை. தன் முழுப் பெயரை, அதற்கு முன்னால் ஒரு பட்டத்தோடு, ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பொன்னாடை டுசல்டோர்ஃபில் வாங்கியாகிவிட்டது. நிறத்தை அவரே தெரிவுசெய்தார்.

ஆனால் மனிதருக்கு ஒரு நிலவறை இருந்தது.

மனதுக்குள் அல்ல. அடுக்குமாடிக்குக் கீழே, வீட்டுக்கு ஒன்றாகப் பலகை அடித்துப் பிரித்த நிலவறை. "ஆண்டறிக்கை எழுதப் போறன்" என்று சொல்லிவிட்டுப் பின்னேரங்களில் அங்கே இறங்குவார். காரின் குளிர்கால ரயர்கள் நான்கு, வெங்காய மூட்டை ஒன்று, கால் ஆடும் கதிரை ஒன்று, ரயர்களின் மேல் ஒரு ரப்லெற் கணினி. அந்த ரப்லெற்றுக்குள் ஓர் ஆங்கிலேயக் கிராமம்.

தொடர் நாடகத்து ஊர், சின்ன ஊர். ஒவ்வொரு பாகத்திலும் குறைந்தது இரண்டு கொலை. ஆனாலும் வீட்டு விலை இறங்குவதில்லை, யாரும் ஊரைவிட்டு ஓடுவதில்லை, பூக்கண்காட்சி ஒருமுறைகூட ஒத்திவைக்கப்பட்டதில்லை. ஜாம் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்ற சீமாட்டி, முதல் பரிசுக்காரியின் மண்டையில் அந்த ஜாம் சட்டியாலேயே போடுவாள். பாடகர் குழுவில் தனிப்பாடல் கிடைத்தவர் மணிக்கூண்டிலிருந்து விழுவார். தேவாலயக் கூரை நிதிக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் அடுத்த கூட்டத்துக்கு இருக்கமாட்டார். எல்லோரும் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்வார்கள். எல்லோரும் எல்லோரையும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். வாசுதேவனுக்குக் கழகத்தின் நிர்வாகக் கூட்டத்தில் இருப்பதுபோலவே இருக்கும்.

இந்த ரகசியத்தில் அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி. டுசல்டோர்ஃபில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர் ராகவேந்திரன். தாமதமாகிப்போன ஒரு ரயிலில், பக்கத்து இருக்கைக் கைபேசியில் அதே கிராமத்தைக் கண்டு வாசுதேவன் பேச்சுக் கொடுத்ததில் தொடங்கிய பழக்கம்.

"சார், எங்கப்பா அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல செக்ரட்டரி. அச்சு அசல் இதே மீட்டிங்தான். மர்டர் மட்டும்தான் இன்னும் நடக்கல" என்பார் ராகவேந்திரன்.

வாசுதேவன் சிரிப்பார். அவருக்கு அந்தத் தொடரில் பிடித்தது வேறொன்று. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அந்த ஊரில் ஓர் ஆள் செத்தால், சைக்கிளில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, தொப்பியைக் கழற்றிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்பார். ஒன்றரை மணி நேரத்துக்குள் யார் செய்தது என்று தெரிந்துவிடும். வாசுதேவன் விட்டுவந்த ஊரிலும் போர்க்காலத்தில் கதவுகள் தட்டப்பட்டதுண்டு. கேட்பதற்காக அல்ல.

அந்தப் புதன்கிழமைதான் மார்கிரட் செத்தார்.

மார்கிரட், அதாவது மிசிஸ் பிம்லட், அந்தக் கிராமத்துத் தபால் நிலையக்காரி. பதினொரு வருடமாக ஒவ்வொரு பாகத்திலும் இன்ஸ்பெக்டருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஊர்ப் புதினம் சொல்லி, கொலையாளியை அவர் கண்டுபிடிக்கக் காரணமாக இருப்பவர். கொலைகளுக்கு நடுவே சாகவே முடியாதவர் என்று உலகம் நம்பியிருந்த ஒரே ஆள். எல்லோருக்கும் அவர் மிசிஸ் பிம்லட்தான். இன்ஸ்பெக்டர் மட்டும்தான் மார்கிரட் என்பார். வாசுதேவனும் மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுவார். ஞாயிறு பின்னேரம் ஒளிபரப்பாக வேண்டிய பாகத்தைத் தொலைக்காட்சிக்காரர் வழக்கம்போலச் சில நாள் முன்னதாகவே இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதில் மார்கிரட் ரோசாத் தோட்டத்தில், பூ வெட்டும் பூக்கத்தரியும் கையுமாக, முகம் குப்புற விழுந்து கிடந்தார்.

வாசுதேவன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டார். கைபேசியை எடுத்து ராகவேந்திரனுக்கு எழுதினார்:

"மார்கிரட் அம்மா போயிட்டா. நம்பவே ஏலாமல் கிடக்கு. தன்ரை ரோசாத் தோட்டத்துக்குள்ளையே விழுந்து கிடந்தவ."

மூக்குக்கண்ணாடி மேலே வீட்டில் இருந்தது. நிலவறையில் அலைவரிசையும் இல்லை; பாகங்களை வீட்டிலேயே ரப்லெற்றில் இறக்கிக்கொண்டுதான் வருவார். பாகத்தை முழுதாகப் பார்த்து, கொலையாளி யாரென்று தெரிந்து, அந்த அதிர்ச்சியையும் தாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் படியேறி வந்தபோதுதான் செய்தி பறந்தது. ராகவேந்திரனுக்கு அல்ல. கழகத்தின் குழுவுக்கு.

அவர் இடியப்பத்தில் சொதியை ஊற்றும்போது சட்டைப்பை அதிரத் தொடங்கியது. நிற்கவில்லை. எடுத்துப் பார்த்தார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள்." "ஓம் சாந்தி." "அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்." "தாங்க ஏலாத துயரம், அண்ணை." கூப்பிய கைகள், அழும் முகங்கள், மீண்டும் கூப்பிய கைகள். யார் இந்த மார்கிரட் என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்தது யார் என்று கேட்பது எங்களிடம் வழக்கமில்லை; கேட்டால் தெரியாது என்றாகிவிடும். தெரியாது என்றால், தலைவருக்கு நெருக்கமில்லை என்றாகிவிடும்.

கழகத்தின் பொருளாளர் ஒருபடி மேலே போயிருந்தார்: "அம்மையாரின் பிரிவு ஈடுசெய்ய முடியாதது. லண்டனில் அவர் கையால் தேநீர் அருந்தும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது."

வாசுதேவன் கையிலெடுத்த இடியப்பத்தைத் தட்டில் போட்டார். இல்லாத ஒருத்தியின் கையால் இந்த மனிதன் எப்படித் தேநீர் குடித்தான்?

கைபேசி அடித்தது. கொட்வின். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேள்விப்பட்டாலே தாமரை, மெழுகுதிரி, வெண்புறா மூன்றையும் அஞ்சலிப் பதாகைக்காகக் கணினியில் எடுத்து வைத்துக்கொள்கிற மனிதர்.

"அண்ணை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ. கண்ணீர் அஞ்சலி போட்டாச்சு. படம்தான் இல்லை."

"என்ன படம்?"

"மார்கிரட் அம்மாவின்ரை படம், அண்ணை. இப்போதைக்கு மெழுகுதிரி எரியுது."

"கொட்வின், இஞ்சை பாரும். அது வந்து... அது ஒரு..."

நாடகம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அலுமாரியில் தொங்கிய பொன்னாடை கண்ணில் பட்டது.

"...அது ஒரு பெரிய இழப்பு."

"எனக்குத் தெரியாதே, அண்ணை? ஆர் எண்டு நான் கேட்டனானே? கேக்கேல்லையே!"

"தமிழுக்கு நிறையச் செய்தவ" என்றார் வாசுதேவன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வெள்ளைக்காரியா இருந்தும்! சனிக்கிழமை உங்களுக்குப் பட்டம் தாறதுக்கு முதல் அவவுக்கு ஒரு நிமிட மௌனம் வைப்பம். படத்தை மறக்காதேங்கோ."

கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், கையில் அகப்பையோடு மனைவி மங்கையற்கரசி நின்றார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். எவருடைய கண்ணையும் பார்த்தவுடன் அழுததா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

"இஞ்சேருங்கோ. ஆரப்பா இந்த மார்கிரட்?"

"தெரிஞ்ச ஒரு ஆள்."

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"ஒரு பதினொரு வருசம்."

அகப்பை மேசையில் விழுந்தது. "பதினொரு வருசமோ! எனக்குத் தெரியாமலோ! அழுதுமிருக்கிறியள். என்ரை அம்மா செத்த நேரம் விமான ரிக்கற் விலையைத்தானே கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்!"

"நீர் நினைக்கிற மாதிரி இல்லையப்பா."

"அப்ப என்ன மாதிரி? சொல்லுங்கோவன்!"

வாசுதேவனுக்குள் ஒரு தராசு ஆடியது. கள்ளத் தொடர்பு என்று வந்தால், ஓர் ஆண்டுவிழா தாண்டக் கழகம் மறந்துவிடும். முன்னாள் தலைவர் ஒருவரை அப்படி மறந்திருக்கிறது. தொடர் நாடகம் என்றால் மறக்காது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைக் கண்ட மங்கையற்கரசி அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமைக்குள் கொட்வின் படம் கேட்டுப் பலமுறை அழைத்துவிட்டார். வாசுதேவன் ராகவேந்திரனுக்குக் கைபேசியில் அடித்தார்.

"சார், உண்மையச் சொல்லிடுங்க. ரெண்டு நாள் சிரிப்பாங்க, அவ்வளவுதான்."

"உமக்கு விளங்காது தம்பி. எனக்குப் பட்டம் தாறதே நாடகம் பாக்கிறதை நிப்பாட்டினதுக்குத்தான்."

"அப்போ போட்டோவுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"அவவின்ரை படத்தையே குடுக்கப்போறன். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் அந்தத் தொடர் பாக்கிறேல்லை. எல்லாரும் எனக்கு முன்னாலை கை தூக்கினவை."

"சார்," என்றார் ராகவேந்திரன் மெதுவாக, "கைய நான்கூடத் தூக்குவேன் சார்."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. வெளியே கொட்வினின் கண்ணீர் அஞ்சலி. உள்ளே, மேடையின் ஒரு பக்கம் பொன்னாடை வைத்த தாம்பாளம், மறுபக்கம் வாசுதேவன் தன் கையாலேயே அச்செடுத்து, சட்டம் போட்டு, வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுவந்த படம். முன்வரிசையில் மங்கையற்கரசி, ஆடாமல் அசையாமல். அந்த மார்கிரட்டின் முகத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பதற்காக மட்டும் வந்திருந்தார். மண்டபத்தில் பாதிப்பேருக்கு அது தெரியும். அவர்கள் படத்தைப் பார்க்கவா, அவரைப் பார்க்கவா என்று தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

பொருளாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அம்மையார் எனக்குச் சீனி குறைவாகத்தான் தேநீர் தந்தார். ஏனென்று கேட்டேன். 'தம்பி, தமிழே இனிப்புத்தானே' என்றார்." கைதட்டல். பொருளாளர் கண்ணைத் துடைத்தார். வாசுதேவன் அவரை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தான் தொடக்கிவைத்த பொய்யை இன்னொருவர் தன்னைவிட நன்றாகச் சொல்வது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

"எல்லாரும் எழும்புங்கோ" என்றார் கொட்வின். எல்லோரும் எழுந்தார்கள். கொட்வின் துணியை இழுத்தார்.

ரோசாப் பூக்களுக்கு நடுவே, பூக்கத்தரியோடு, மிசிஸ் பிம்லட் சிரித்தார்.

மண்டபத்தில் அப்போது விழுந்த மௌனம் போல ஒன்று கழகத்தின் வரலாற்றில் அதற்கு முன்னர் விழுந்ததில்லை. அஞ்சலிக்கு நிற்கிற ஆட்கள் வழக்கமாகச் செருமுவார்கள், மணி பார்ப்பார்கள். இப்போது ஒருவரும் மூச்சு விடவில்லை. கண்கள் விரிந்தன. சிலர் பக்கத்தில் நின்றவரை ஓரக்கண்ணால் பார்த்து, பக்கத்தில் நின்றவரும் தன்னை ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கண்டு, அவசரமாகத் தரையைப் பார்த்தார்கள். பொருளாளரின் கை ஒலிபெருக்கியோடு மெல்லக் கீழே இறங்கியது. கொட்வின் துணியைப் பிடித்தபடி சிலையானார். எல்லோருக்கும் தெரிந்த முகம். தெரியும் என்று யாரும் சொல்ல முடியாத முகம். எல்லோரும்தான் கை தூக்கியிருந்தார்களே.

"ஐயோ!" என்று ஓர் அலறல். மங்கையற்கரசி. "இது மிசிஸ் பிம்லட் எல்லோ! மிசிஸ் பிம்லட் சாகிறாவோ?"

அவர் முன்வரிசையை விட்டு மேடையருகே வந்தார்.

"நாளைக்கோ?" என்றார் அவர், உடைந்த குரலில். "நாளைக்குப் பின்னேரப் பாகத்திலையோ?"

அதற்குப் பிறகு மண்டபத்தைப் பிடிக்க முடியவில்லை.

"விசர்க் கதை! அவவைக் கொல்ல மாட்டாங்கள்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "பதினொரு வருசமாப் பாக்கிறன்!" அவருடைய மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவருக்குத் தான் சொன்னது அப்போதுதான் விளங்கியது. ஓர் அம்மா உண்மையாகவே விம்மி அழுதார். யாரோ பொருளாளரைப் பார்த்து, "அண்ணை, அவ தந்த தேத்தண்ணியிலை சீனி காணாட்டி இன்ஸ்பெக்டரிட்டைச் சொல்லியிருக்கலாமே" என்றார். நடுவரிசை ஒன்று சேர்ந்து, "ஆர் செய்தது, ஆர் செய்தது?" என்று மேடையை நோக்கி வந்தது. வலப்பக்கம், "சொல்லாதேங்கோ! ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ!" என்று காதைப் பொத்திக்கொண்டது.

வாசுதேவன் மேடையின் நடுவில் நின்றார். கழகத்தில் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கவனத்தோடு ஒரு சபை அவர் வாயைப் பார்த்ததில்லை.

கொட்வின் பொன்னாடையைக் கையில் எடுத்து அவரருகே வந்தார். போடத்தான் வருகிறார் என்று நினைத்து வாசுதேவன் கழுத்தைச் சற்று முன்னால் நீட்டினார்.

"அண்ணை," கொட்வின் காதுக்குள் கேட்டார், "பாதிரியார் செய்யேல்லைத்தானே? பாதிரியார் எண்டால் எனக்குத் தாங்காது."

கொட்வின் அங்குமிங்கும் பார்த்தார். பொன்னாடையோடு எவ்வளவு நேரம் நிற்பது? கடைசியில் அதைக் கொண்டுபோய் மிசிஸ் பிம்லட்டின் படத்துக்குப் போட்டுவிட்டு, கூப்பிய கையோடு இறங்கிப் போனார். நிறம் மிசிஸ் பிம்லட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது காரை மங்கையற்கரசி ஓட்டினார். வீதிச் சமிக்ஞை வெளிச்சம் சிவப்பாக இருந்த ஒரு சந்தியில் வாயைத் திறந்தார்.

"உண்மையா ஒரு மார்கிரட் இருந்திருந்தால்கூட மன்னிச்சிருப்பன்."

"இஞ்சேரும்..."

"கதைக்காதேங்கோ. ஒவ்வொரு ஞாயிறும் வேலையிலை கிழவியளோடை இருந்துதான் பாக்கிறனான். நாளைக்கு அதுகளின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு, அவ சாகப்போறா எண்டு தெரிஞ்சும் தெரியாத மாதிரி நான் எப்பிடியப்பா இருக்கிறது?"

"ஆர் செய்தது எண்டு உமக்குத் தெரியாதுதானே. அதைப் பாக்கலாம்."

மங்கையற்கரசி யோசித்தார். வெளிச்சம் பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"புதுசா வந்த தபால்காரன்தானே?"

வாசுதேவன் கண்ணாடிக்கு வெளியே பார்க்க முயன்றார். ஆனால் கொஞ்சம் பிந்திவிட்டது.

"ஐயோ!" என்று மங்கையற்கரசி ஸ்டியரிங்கில் அடித்தார். "முகத்திலையே எழுதியிருக்கு! அங்காலை திருப்புங்கோ! வீடு போய்ச் சேருமட்டும் இஞ்சாலை பாக்கப்படாது!"

பண்பாட்டுப் பேரொளியாகியிருக்க வேண்டியவர், வீடு வந்து சேரும்வரை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தார்.