கிணறு யார் பக்கம்

கொழுந்தன் மடிக்கணினியோடு என் வாசலில் வந்து நின்றபோதே எனக்குச் சுருக்கென்றது. நடுவில் ஒரு சுவர் வைத்து மாமனார் இரண்டாகப் பிரித்துக் கொடுத்த வீடு இது. இந்தப் பக்கம் நானும் என் தையல் இயந்திரங்களும், அந்தப் பக்கம் அவனும் ஓரகத்தியும். என் கணவர் போன பிறகு ஒரு ஆணிகூட அடித்துத் தராத மனிதனுக்குத் திடீரென்று என்ன அக்கறை?

"அண்ணி, பழைய வரைபடமெல்லாம் இப்ப நெட்லயே கிடைக்குது. நம்ம தெரு ஒரு காலத்துல தோட்டமா இருந்திருக்கு. இந்த வட்டத்தைப் பாருங்க, கிணறு. உங்க தையல் அறைக்கு நேர் கீழ. சும்மா மேலாக மூடிட்டு வீடு கட்டியிருக்காங்க போல."

"அதுக்கு?"

"எப்ப உள்ள இறங்கும்னு சொல்ல முடியாது. நீங்க வேற வீடு பாருங்க. இதை நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்கிறானாம்! அடிமடியிலேயே கை வைக்கிறான். "யார் காதுல பூ சுத்துற தம்பி? உயிரை விட்டாலும் வீட்டை விடமாட்டேன்" என்று கதவைச் சாத்தினேன். துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், கிணறாவது மண்ணாங்கட்டியாவது என்று. ஓரகத்தியிடமும் சொன்னேன். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. மருத்துவர் நடக்கவே கூடாது என்று சொல்லி, நாள் முழுக்கப் படுக்கைதான். பொழுது போகாவிட்டால் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவாள். எங்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது. "உன் புருஷன் எனக்கே படம் காட்டுறான்டி" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அவன் புளுகைக் கையும் களவுமாகப் பிடிக்க என் கைபேசியில் அதே இணையதளத்தைத் திறந்தேன். பழைய படத்தை இன்றைய தெருக்களின் மேல் விரித்துப் பார்க்கலாம். அதற்கு, இரண்டிலும் இருக்கிற இடங்களை நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் படம் முழுக்க நழுவிவிடும், குண்டூசி மாறிய துணி மாதிரி. கொழுந்தன் வைத்த குறிகள் அதிலேயே இருந்தன; ஆற்றுப் பாலத்தைக் குறித்திருந்தான்.

அந்தப் பழைய படத்துக்குப் பிந்தைய படம் ஒன்றும் அங்கேயே இருந்தது. அதில் பழைய பாலத்தின் இடத்தில் 'இடிந்தது' என்று எழுதி, புதுப் பாலத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தார்கள். இவன் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டான். மடையன்! பாலத்தை நீக்கிவிட்டு மணிக்கூண்டையும் சிறைச்சாலை மதிலின் இரண்டு மூலைகளையும் குறித்தேன். படம் நகர்ந்தது. வட்டம் என் அறையை விட்டு வெளியேறி நடுச்சுவரைத் தாண்டிப் போனது.

"நல்லா வேணும்!" என்று கைதட்டினேன். பிறகுதான் அது எங்கே போய் நின்றது என்று பார்த்தேன். ஓரகத்தி படுத்திருக்கும் அறை. போன மாதம் தரை தணிந்துவிட்டதென்று அவள் கட்டிலின் ஒரு காலுக்குக் கட்டை வைத்தார்கள்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். "தம்பி, கிணறு இருக்கு. உங்க பக்கம்தான் இருக்கு. முதல்ல அவளை இந்த ரூமை விட்டு வெளிய கூட்டிட்டு வா."

அவன் நான் நீட்டிய படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "நேத்து வரைக்கும் கிணறே இல்லைன்னீங்க. ஊரெல்லாம் என்னைப் பொய்யன்னு சொன்னீங்க. இப்ப வட்டத்தை எங்க பக்கம் இழுத்து விட்டுட்டு வர்றீங்களா?"

"ஐயோ, சத்தியமா சொல்றேன்டா!"

ஓரகத்தி படுத்தபடியே சிரித்தாள். "அக்கா, எல்லாம் மண்ணாங்கட்டின்னு நீங்கதானே சொன்னீங்க?"

என்ன சொல்லி நம்பவைப்பேன்? வீட்டுச் சாவியை எடுத்து அவள் பக்கத்தில் போட்டேன். "ரெண்டு பேரும் என் பக்கம் போங்க. இன்னைக்கே போங்க. வீட்டையே எடுத்துக்கங்க, எழுதித் தர்றேன்."

கொழுந்தன் முகம் இறுகியது. சாவியை எடுத்து என் கையிலேயே திணித்தான்.

"இவ்வளவு சுலபமா தூக்கிக் குடுக்கிறீங்கன்னா, அங்கதான் ஏதோ இருக்கு" என்றவன், மனைவி பக்கம் திரும்பினான். "நீ இங்கயே படு. அசையாத."