பொத்தான் வைத்த கொய்யா

தையற்காரர் வீட்டுக் கொய்யா மரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கிளம்பி, சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டரின் தோட்டத்தில் போய் நின்றுகொண்டது. வேரைப் பாவாடைபோல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொடியில் காய்ந்த துணி எதையும் தட்டிவிடாமல்தான் போனது. பின்னாலேயே ஏழு அணில்கள், வீடு மாறுகிறவர்களின் முகத்தோடு.

காரணம் தெரு முழுக்கத் தெரிந்ததுதான். அந்தத் தெரு வழக்கப்படி உச்சிக்கிளைப் பழம் அணிலுக்கும் பறவைக்கும், சுவர் தாண்டித் தொங்குவது பக்கத்து வீட்டுக்கு, மிச்சம்தான் மரத்துக்காரருக்கு. தையற்காரர் அதை மீறினார். மனிதர் கெட்டவரில்லை, பாவம். கர்ப்பமாக இருந்த மகளுக்கு அந்தக் கொய்யாவைத் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஒன்றுகூட வெளியே போகக் கூடாதென்று ஒவ்வொரு காய்க்கும் டேப் வைத்து அளவெடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பைகள் தைத்து மாட்டினார். பொத்தான் வேறு. அணிலுக்குப் பொத்தான் கழற்றத் தெரியாது என்று யோசித்தவர், மரத்துக்கு ரோஷம் வரும் என்று யோசிக்கவில்லை.

மகள் மூன்று நாள் தண்ணீரைக்கூட வாந்தியெடுத்தாள். கண்டக்டரிடம் போய்க் கேட்க அப்பாவுக்குக் கௌரவம் இடித்தது, போன வாரம்தான் "உன் பக்கம் தொங்கினா உன் பழமாய்யா?" என்று கத்தியிருந்தார். மகளின் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்ததும், கௌரவமாவது மண்ணாவது என்று ஏணியோடு போய் நின்றார்.

"மன்னிச்சிடுங்க. பொத்தானக் கழட்டிட்டுப் போயிடுறேன்."

"என்கிட்ட எதுக்கு? மரத்துகிட்ட சொல்லுங்க," என்றார் கண்டக்டர், ஏணியைப் பிடித்தபடி.

கடைசிப் பொத்தானும் கழன்றதும் மரம் ஒரு பழத்தைச் சுவருக்கு மேலே வீசியது. வாசலில் உட்கார்ந்திருந்த மகளின் மடியில் விழுந்தது. அணில் கடித்த பழம். கடித்த பக்கத்தை அணிலுக்கே நறுக்கிப் போட்டுவிட்டு மீதியைத் தின்றாள். தங்கியது. தையற்காரர் ஏணி உச்சியிலேயே உட்கார்ந்து அழுதார்.

அதிலிருந்து மரம் ஞாயிறு முதல் புதன் வரை தையற்காரர் வீட்டில், மற்ற நாள் கண்டக்டர் வீட்டில். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்து "ரைட்" என்றால் கிளம்பும். பைகளும் வீணாகவில்லை, தையற்காரர் சட்டைக்கை வைத்துத் தைத்துக் கொடுக்க, மழைக்காலத்தில் அணில்கள் போட்டுக்கொள்கின்றன.

பேத்தி பிறந்து பதினொரு மாதத்தில் பேசிய முதல் வார்த்தை "ரைட்". அன்று திங்கட்கிழமைதான், ஆனாலும் மரம் கிளம்பிவிட்டது. தையற்காரர் கொடியில் கிடந்த துணியை எடுத்து வழிவிட்டார்.